கொல்லிமலை... 70 வளைவு... ஒரு ‘கீச்’!

“மச்சான், ஸ்டீயரிங் டான்ஸ் ஆடுதுடா!”

சேலம் டு நாமக்கல் நாலுவழிச் சாலை. முன்னால் போன லாரிக்காக பிரேக்கை அழுத்தினான் எங்க செட்டு ‘ஷூமாக்கர்’. கூடவே முன் சக்கரத்திலிருந்து ‘கீச்ச்ச்’னு ஒரு சத்தம். காரில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்! ஒருத்தன் “டயர்ல காத்து கம்மி”ன்னான். இன்னொருத்தன் “ரோடு சரியில்ல”ன்னான். நான்? பாட்டு வால்யூமைக் கூட்டினேன். சத்தம் காணாமப் போச்சு. பிரச்னை சால்வ்டு!

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. அங்கேதான் மலையடிவாரம். அதுக்கு மேலே ஒண்ணில்ல ரெண்டில்ல, 70 கொண்டை ஊசி வளைவுகள்! கீழிருந்து மேலே நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. முதல் பத்து வரைக்கும் கோரஸா எண்ணினோம். முப்பதில் ஒருத்தன் வாந்தி எடுத்தான். அம்பதில் எல்லாருமே அமைதி. ஏறும்போது பிரேக்குக்குப் பெருசா வேலை இல்லை. அதனால, காரும் சமர்த்தா ஏறுச்சு.

மேலே சோளக்காடு. பலா, வாழை, அன்னாசி, மிளகுன்னு சந்தையே மணக்குது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நின்னார். கடையெழு வள்ளல்களில் ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர். அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயில். அதன் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினா ஆகாயகங்கை அருவி. தலையில் தண்ணி விழுந்தப்போ செமஸ்டர், அரியர் எல்லாம் மறந்தே போச்சு. திரும்பப் படி ஏறினப்போ எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு!

சாயங்காலம் இறக்கம். பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு ஷூமாக்கர் நியூட்ரல்ல விட்டான். வளைவுக்கு வளைவு பிரேக். இருபது வளைவு தாண்டியிருப்போம். ‘கீச்’ இப்போ ‘கர்ர்ர்’ ஆச்சு. கருகின வாசனை வேற. அடுத்த வளைவில் அவன் குரலே மாறிப்போச்சு. “டேய்... பெடல் உள்ளே போகுதுடா!”

பக்கத்துல பள்ளம். யாரும் மூச்சு விடலை. ரெண்டு, மூணு தடவை பெடலை மிதிச்சு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, எப்படியோ மலைச்சுவர் ஓரமா நிறுத்தினான். வீலிலிருந்து புகை. நான் பாட்டிலைத் திறந்து தண்ணி ஊத்தப் போனேன்.

“ஊத்தாதே தம்பி! டிஸ்க் கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும்!” பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒரு அண்ணன் கத்தினார். இறங்கி வந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எந்த கியர்ல ஏறினீங்க?” “ஃபர்ஸ்ட்டும் செகண்டும்ணா.” “அதே கியர்லதான் இறங்கணும். இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை சும்மா தொட்டாப் போதும்.”

நச்சுன்னு மண்டையில் உறைச்சது. ‘பிரேக் ஃபேடு’ பற்றி போன செமஸ்டர்தான் பக்கம் பக்கமா எழுதினேன். சூடு ஏற ஏற பேடின் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதிச்சா ஆவிக்குமிழி உண்டாகி பெடல் உள்ளே போகும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்த பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இதெல்லாம் தெரிஞ்சவன்தான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்!

ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். ஜீப் முன்னால் போக, ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்தோம்.

அடிவாரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணன் முதலில் விட்டது டோஸ். “இந்த வண்டியை நீங்க இறக்கியிருக்கவே கூடாது கண்ணு. மேலேயே நிறுத்திட்டு ஆளைக் கூப்பிட்டிருக்கணும்.” அப்புறம் மூணே கேள்வி.

“ஸ்டீயரிங் எப்போ ஆடுது? எண்பது, தொண்ணூறுல சும்மா போறப்பவே ஆடினா வீல் பேலன்ஸிங். பிரேக் பிடிச்சா மட்டும் ஆடினா டிஸ்க்கைப் பாரு.” எங்களுக்கு பிரேக் பிடிச்சா மட்டும்.

“ஆட்டம் கையிலயா, சீட்டுலயா? கையில்னா முன் சக்கரம். சீட்டுல்னா பெரும்பாலும் பின்னாடி டிரம்.” எங்களுக்குக் கையில்.

“சத்தம் கீச்சா, கர்ரா?” ரெண்டும்ணா!

சிரிச்சுக்கிட்டே வீலைக் கழற்றினார். பேடில் சின்னதா ஒரு தகடு இருக்கும். பேடு தேய்ஞ்சதும் அது டிஸ்க்கில் உரசி ‘கீச்’னு கத்தும். எச்சரிக்கை மணி! அதைக் கண்டுக்காம ஓட்டினதால, பேடு முழுசா தேய்ஞ்சு இரும்போடு இரும்பு உரசி ‘கர்ர்’. டிஸ்க்கில் விரல் வெச்சா வரி வரியா பள்ளம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை டிஸ்க் பக்கத்தில் பிடிச்சுக்கிட்டு சுத்தவிட்டார். இடைவெளி கூடுது, குறையுது. “இந்த ஆட்டம்தான் உங்க கைக்கு வந்தது.”

லேத்தில் கடைஞ்சா சரியாகாதா? டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறிச்சிருக்கும். எங்களுது அதுக்கும் கீழே. ரெண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு, புது ஆயில். ஐந்து பர்ஸும் காலி! வீல் நட்டைக்கூட வரிசையா முறுக்காம, எதிரெதிரா மாத்தி மாத்தி முறுக்கினார். அப்பதான் டிஸ்க் கோணாம உட்காருமாம்.

ராத்திரி திரும்பி வர்றப்போ ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருந்துச்சு. சேலம் வரைக்கும் யாரும் பாட்டே போடலை!

மலைக்குக் கிளம்புறீங்களா பாஸ்?

* முதல் நாளே, காலி ரோட்டில் பாட்டை நிறுத்திட்டு பிரேக் பிடிச்சுப் பாருங்க. காதும் கையும் சொல்லிடும்.

* பேடு கனம், பிரேக் ஆயில் ரெண்டையும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

* இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

* பெடல் மெத்துனு ஆனாலோ, கருகின வாசனை வந்தாலோ ஓரங்கட்டி ஆறவிடுங்க. தண்ணி குடிக்க மட்டும்!