ஏற்றமும் வெயிலும்

ராத்தாவின் மகன் கோலாலம்பூரிலிருந்து போன் எடுத்தபோது நான் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மாமா, லங்காவில ஒரு போட்டி ஈக்கிது. பேர் குடுத்துட்டேன். மொதல்ல கடல்ல நீச்சல், பொறகு சைக்கிள், அதுக்குப் பொறகு ஓட்டம். எல்லாம் ஒரே நாளையில. அந்தத் தீவுல மேடும் ஈக்கிது, வெயிலும் ஈக்கிது. ரெண்டும் ஒண்டா வந்தா என்ன செய்யிற?"

"என்னட்டயா கேக்கிறாய்?" என்றேன்.

"நீங்கதானே எனக்கு மொதல்ல ஓட்டம் பழக்கின."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் சிவப்புப் பேனை கையில் அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு நான் ஓட்டம் பழக்கிய கதை எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத கதை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் போட்டியைச் சொல்ல வேண்டும்.

நீச்சல் 1.9 கிலோமீற்றர், சைக்கிள் 90 கிலோமீற்றர், ஓட்டம் 21.1 கிலோமீற்றர். மூன்றையும் எட்டரை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். இதை 'அரைத் தூரம்' என்கிறார்கள். அப்படியானால் முழுத் தூரம் எவ்வளவு என்று யோசித்தாலே நமக்கு மூச்சு வாங்கும். 1978ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் முழுத் தூரப் போட்டியைத் தொடங்கி வைத்தார்கள். முதல் வருடம் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் பிடித்தது. இரண்டாவதாக வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் முடிந்துபோய், கூட வந்தவர்கள் பியர் கொடுத்தார்கள் என்பது அந்த விளையாட்டுக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் முடிந்துபோவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

நமது நாட்டிலும் 2018 பெப்ரவரியில் கொழும்பில் இந்த அரைத் தூரப் போட்டி நடந்தது. அங்கே வெயில் உண்டு, மேடு இல்லை. நமது உடப்புசல்லாவையில் மேடு உண்டு, அந்த வெயில் இல்லை. லங்காவியில் இரண்டும் உண்டு. மருமகனின் கேள்வி அதுதான்.

ஒரு ஆசிரியன் கேள்வி கேட்கப்பட்டால் சும்மா இருக்க முடியாது. தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் விளங்கியதை எளிமையாகச் சொல்கிறேன்.

உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சைக்கிளை நகர்த்துகிறது. மீதி மூன்று பங்கும் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வை வருகிறது. வியர்வை வழிந்து நிலத்தில் விழுந்தால் பயனில்லை. உடம்பின் மேலேயே காய வேண்டும். அது காயக் காற்று வேண்டும். சம தரையில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுக்கு அவன் வேகமே காற்று. அவன் மேட்டில் ஏறும்போது வேகம் 10 கிலோமீற்றருக்கு விழுந்துவிடுகிறது. காற்று நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே அடுப்பு முன்னைவிட அதிகமாக எரிகிறது. ஆக, ஏற்றம் என்பது காலுக்கு மட்டுமுள்ள சோதனையல்ல. வெயில் நாட்டில் அது அடுப்பை ஊதிவிட்டு ஜன்னலைச் சாத்துகிற வேலை. கடலோர ஈரக் காற்றில் வியர்வை காய்வதும் மெதுவாகத்தான்.

நீச்சல் முடிந்து வரும்போதே தாகம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கடல் குளிர்ந்த கடலல்ல. இந்த வகைப் போட்டிகளில் தண்ணீரின் வெப்பம் 24.5 பாகையைத் தாண்டினால் மிதக்க உதவும் இறப்பர் உடை போட்டுப் பரிசுக்கு நீந்த முடியாது. வெப்பக் கடலில் வெறும் உடம்பையே நம்ப வேண்டும். மலைநாட்டுப் பிள்ளைகளான நமக்கு நீச்சல் என்பது ஓயாவில் இடுப்பளவு தண்ணீரில் கும்மாளம் போடுவதுதான். மருமகன் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு கோலாலம்பூரில் காசு கட்டி நீந்தப் பழகினான்.

ஒக்டோபரில் அவன் லீவில் வந்தான், சைக்கிளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு. மேடு பழகுவதற்கு நமது ஊரைவிட வேறு எங்கே போவது? உடப்புசல்லாவையிலிருந்து ஹல்கரனோயா, ராகலை, கந்தப்பளை என்று நுவரெலியா வரை ஏறிப்போகும் பாதை இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கமாக ஒரு சிறிய ரயில் ஓடியது. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த வருடம் ராகலைக்கும் பாதை போட்டார்கள். அதற்குப் பெயர் உடப்புசல்லாவை ரயில் பாதை. பெயர் எங்களுக்கு, தண்டவாளம் ராகலையோடு நின்றுவிட்டது! நாற்பதுகளில் அதையும் மூடிவிட்டார்கள். ஆக, எங்கள் ஊர்க்காரன் ஏற வேண்டுமானால் தன் காலால்தான் ஏற வேண்டும்.

மருமகன் முதல் நாள் காலால்தான் ஏறினான், ஆனால் தலைக்கனத்தோடு ஏறினான். நான் மோட்டார் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னால் போனேன். ஹல்கரனோயாவுக்கு முன்னால் ஒரு வளைவில் எழுந்து நின்று மிதித்தான். அடுத்த வளைவில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது மேலேயுள்ள மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் எங்களைத் தாண்டி ஏறினார்கள். அவர்களில் ஓர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குறுகிய அடிகள். ஒரே சீர். நிற்கவுமில்லை, அவசரப்படவுமில்லை. பேச்சும் நிற்கவில்லை. "என்னா தம்பி, சைக்கிளு ஒன்ன ஓட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"பார்த்தாயா? பேசிக்கொண்டு ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது" என்றேன். புத்தகங்களிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். முன்னால் சிறிய பற்சக்கரம், பின்னால் பெரிய பற்சக்கரம், கால் சீராகச் சுழல வேண்டும். மேட்டில் முந்துகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஓட்டத்தில் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். மறுநாளிலிருந்து அவன் அந்த அம்மாவின் நடையைச் சைக்கிளில் பழகினான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மேடு எங்கள் ஊரில், வெயில் அவன் ஊரில். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அந்த நாட்களில் இரத்தத்தில் நீர் கூடுகிறது, வியர்வை முந்தி வருகிறது, வியர்வையில் உப்புக் குறைகிறது. குளிரிடத்தில் இருந்தால் அந்தப் பழக்கம் நாளுக்கு நாள் கரைந்துவிடும். அதனால் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே அவனைத் திருப்பி அனுப்பினேன். ராத்தாவுக்குக் கோபம். "வந்த புள்ளய வெரட்டுறியே" என்றாள். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அவளுக்கே தெரியும்.

இப்போது அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளிவந்து சில வருடங்களே ஆகியிருந்த எனக்குப் பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பையும் தந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கீழ்நாட்டு ஊர் ஒன்றுக்கு மரதன் ஓட்டத்துக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலையில் கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறிய பிள்ளைகள் பத்து மணி வெயிலில் தார் ரோட்டில் நின்றார்கள். "ஓடும்போது தண்ணி குடிச்சா வயிறு புடிக்கும், யாரும் குடிக்கப்படாது" என்று சொன்னேன். அந்தக் காலத்தில் எங்களில் பலர் அப்படித்தான் நம்பியிருந்தோம். நான் நம்பியது மட்டுமல்ல, கட்டளையும் போட்டேன். வழியில் ஒரு வீட்டார் தண்ணீர் நீட்டியபோது என் பிள்ளைகள் வாங்கவில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

கடைசி ஏற்றத்தில் பதினைந்து வயது மருமகன் தள்ளாடினான். திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கினான். நான் கூப்பிட்டால் என்னைத் தெரியவில்லை. பிறகு விழுந்தான். தொட்டால் நெருப்பு. நான் அவனை நிழலுக்குத் தூக்கி, கைகால்களைத் தேய்த்து, வாகனம் தேடினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிங்களக் கிழவி கிணற்று வாளியோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் அவன் தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள். "காய்ச்சல் வரும்" என்று நான் தடுத்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு மறுபடி கிணற்றுக்குப் போனாள். ஏழெட்டு வாளி ஊற்றியிருப்பாள். வாகனம் வரும்போது அவன் கண் திறந்து "மாமா" என்றான். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்தார்கள்.

உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அது உயிராபத்து. முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் அரை மணித்தியாலம்தான் உயிரின் எல்லை. இதை நான் இப்போது வாசித்து அறிந்தேன். அந்தக் கிழவி வாசிக்காமலேயே அறிந்திருந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ராத்தா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரம்.

2024 மார்ச்சில் கிழக்கில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதே வருடம் ஜூனில் ஹஜ்ஜில் 1301 பேர் மரணித்தார்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. மக்காவில் வெப்பம் 51.8 பாகைவரை ஏறியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பதிவில்லாமல் வந்து, நிழலின்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். வெயில் வணக்கசாலி, விளையாட்டுக்காரன் என்று பார்ப்பதில்லை.

போட்டிக்கு முந்திய இரவு மருமகனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, தாகத்துக்குக் குடி, உப்போடு குடி. வெறுந்தண்ணீரை அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்துத்தான். பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு உப்புக் குறைந்திருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. நமது வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியின் தத்துவம்தான் இதுவும். இரண்டு, தண்ணீர் கொடுக்கும் இடங்களில் ஓடாதே, நட. குடித்துவிட்டுத் தலையிலும் ஊற்று, தொப்பிக்குள் ஐஸ் போடு. மூன்று, வெயிலில் நடுங்கினால், வியர்வை நின்றால், எங்கே நிற்கிறோம் என்று குழம்பினால், அத்தோடு போட்டி முடிந்தது. அதில் வெட்கமில்லை.

"கட்டளையா மாமா?" என்று சிரித்தான்.

"இல்ல, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றேன்.

அவன் ஏழு மணித்தியாலம் சொச்சத்தில் முடித்தான். சைக்கிளில் நிறையப் பேரை முன்னே போக விட்டானாம். சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கியபோது கால்கள் மரக்கட்டையாக இருந்தனவாம். நடு வெயிலில், தன்னை மேட்டில் முந்திப் போனவர்கள் பாதையோரத்தில் குந்தியிருப்பதைக் கண்டானாம். தானும் நடந்தானாம், ஓடினானாம், மறுபடி நடந்தானாம். "நிறைய நடந்தேன் மாமா" என்று வெட்கத்தோடு சொன்னான். எனக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

அன்றிரவு ராத்தா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தாள். அவள் அதற்கு முந்திய வருடம் உம்ராவுக்குப் போய் வந்தவள்.

"சபா மர்வாவுல ஏழு தரம் போறதே. இப்ப அது பளிங்குத் தரையும் குளிர்க் காத்துமாத்தான் ஈக்கிது. அந்த உம்மா தனியா வெயில்ல, ரெண்டு குண்டுக்கும் நடுவுல, புள்ளக்கித் தண்ணி தேடி ஓடினாவே. அத நெனக்கிற நேரம் ஒன்னயும் நெனச்சேன் தம்பி."

"எனக்குத் துஆ கேட்டீங்களா ராத்தா?"

"மொதல்ல தண்ணி ஊத்தின அந்த மனுசிக்கிக் கேட்டேன். பொறகு ஒனக்கும் கேட்டேன்."

தேத்தண்ணி ஆறிப்போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

இப்போது எங்கள் பாடசாலையில் மரதன் ஓட்டம் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. பாதையில் நான்கு இடங்களில் தண்ணீர் வைக்கிறோம். முடிவிடத்தில் ஒரு பெரிய பீப்பாய் நிறைய ஓயாத் தண்ணீர். "இந்தக் குளிர் ஊருல இது எதுக்கு சேர்?" என்று புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். இதுவரை எந்தப் பிள்ளையையும் அதில் இறக்க வேண்டி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வொரு வருடமும் நிரப்பி வைக்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, பாடசாலை மரக்கறிப் பாத்திக்கு ஊற்றிவிடுகிறோம்.