ஒரு கப்பலின் எல்லைக்குள்

போர்க்காலக் கடற்படைத் தலைவர்களின் புகழை அவர்கள் மூழ்கடித்த கப்பல்களைக் கொண்டே உலகம் அளந்து வந்திருக்கிறது. நீரிலிருந்து மீட்ட மனிதர்களைக் கொண்டு அளக்கத்தக்க ஒருவரை இங்கே நினைவுகூர விழைகிறோம். அவர் ஜப்பானியக் கடற்படையைச் சேர்ந்த ஷுன்சாக்கு குடோ.

1901-இல் பிறந்த குடோ, 1923-இல் கடற்படைக் கல்லூரியில் பயிற்சியை நிறைவு செய்தார். 1940-இன் இறுதியில் 'இக்காசுச்சி' என்னும் நாசகாரிக் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1942 மார்ச் முதல் நாள் ஜாவாக் கடலில் நடந்த போரில் பிரிட்டனின் 'எக்சிட்டர்', 'என்கவுண்டர்', அமெரிக்காவின் 'போப்' ஆகிய மூன்று கப்பல்களும் மூழ்கின. மறுநாள் அவ்வழியே சென்ற இக்காசுச்சி, எண்ணெய் படர்ந்த நீரில் நூற்றுக்கணக்கானோர் தத்தளிப்பதைக் கண்டது. ஓர் இரவு முழுவதையும் அவர்கள் கடலிலேயே கழித்திருந்தனர்.

நீர்மூழ்கிகள் நடமாடும் கடலில் கப்பலை நிறுத்துவது, தன் உயிரையும் தன் மாலுமிகளின் உயிரையும் பணயம் வைப்பதாகும். தங்களைச் சுட்டுக் கொல்லவே கப்பல் நெருங்குகிறது என்று நீரில் கிடந்தோர் அஞ்சினர். குடோ மீட்கும்படி ஆணையிட்டார். கயிற்றைப் பற்றவும் வலுவிழந்தோரை மாலுமிகள் தூக்கியேற்றினர். உடலில் அப்பியிருந்த எண்ணெயைத் துடைத்தனர். நீரும் உணவும் உடையும் தந்தனர். சுமார் 220 மாலுமிகளே இருந்த அக்கப்பலில் அன்று ஏறிய பகைவர் 442 பேர். மீட்கப்பட்ட அதிகாரிகளிடம் குடோ ஆங்கிலத்தில் பேசி, அவர்களின் வீரத்தைப் பாராட்டி, விருந்தினராக ஏற்றார்.

இந்த இரக்கத்தால் போர் மாறிவிட்டதா? இல்லை. அடுத்த நாளே அவர்கள் கைதிகளாக ஒப்படைக்கப்பட்டனர். 1945 வரை நீண்ட அச்சிறைவாசத்தின் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. குடோவின் அதிகாரம் ஒரு கப்பலின் நீளத்தோடும் ஒரு பகல் இரவோடும் முடிந்துபோனது. ஆனால் அந்த எல்லைக்குள் செய்யக்கூடியதை அவர் செய்யாமல் விடவில்லை. 'நம்மால் என்ன ஆகும்' என்று கைகட்டி நிற்கும்போதெல்லாம் நாம் மறந்துவிடுவது இதைத்தான். உலகின் போக்கு நம் கையில் இல்லாதிருக்கலாம். நம் கண்முன் தத்தளிப்பவன் நம் கைக்கு எட்டுபவனே.

1942 ஆகஸ்டில் குடோ வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டார். 1944 ஏப்ரலில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று இக்காசுச்சியைத் தாக்கியபோது அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று பிறரை நீரிலிருந்து தூக்கிய கரங்கள் பலவும் அதோடு மூழ்கியிருக்கும். போருக்குப்பின் எளிய வாழ்வு வாழ்ந்து 1979-இல் மறைந்த குடோ, தாம் செய்த நன்மையைக் குடும்பத்தாரிடமும் கூறவில்லை.

காப்பாற்றப்பட்டவர் மறக்கவில்லை. என்கவுண்டரின் இளம் அதிகாரியாயிருந்து, பின்னர் பிரிட்டனின் தூதராக உயர்ந்த சாம் ஃபால், 1996-இல் வெளியான தம் நினைவு நூலில் அந்நாளைப் பதிவு செய்தார். 2008 டிசம்பரில், தம் 89-ஆம் வயதில், ஜப்பானில் குடோவின் கல்லறையைத் தேடிச் சென்று வணங்கினார். செய்தவர் சொல்லாது சென்ற நன்றியை, பெற்றவர் 66 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்து சென்று அங்கே வைத்தார்.