நீர் விரிய ஓர் இடம்

வெப்பம் பட்டால் பொருள் விரியும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த பாடம். அறிந்த பாடத்தை வேண்டிய வேளையில் நினைவுகூர்வோர்தாம் சிலர். 20 டிகிரி வெப்பத்தில் உள்ள 1 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிவரை சூடேற்றினால், அது ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் பெருகிவிடும். அடுப்பின்மேல் உள்ள பானையில் இந்தப் பெருக்கத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. பானைக்குத் திறந்த வாய் இருக்கிறது. நாற்புறமும் அடைபட்ட கார் எஞ்சினுக்குள் அதே நீர் பெருகும்போதோ, அதற்கு ஓர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அது தானே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும். ரப்பர்க் குழாய் பிய்த்துக்கொள்ளும். இல்லையேல் ரேடியேட்டரின் இணைப்பு விட்டுப்போகும்.

அந்த இடத்தைத் தேர்ந்து அதற்குக் குழாய் பூட்டிய கதையே இக்கட்டுரை. கையகலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் வியக்கலாம். நாமும் அவ்வாறு வியந்தவர்தாம். ஓர் எஞ்சினின் ஆயுளும், அதன் பின்னே அமர்ந்திருப்போரின் கால்களும் அத்தொட்டியை நம்பியிருப்பதைக் கண்ட பிறகே எழுதத் துணிந்தோம்.

நாம் வாழும் கவென்ட்ரி, இங்கிலாந்தின் கார்த் தொழில் பிறந்து வளர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டைம்லர் கார்கள் இங்கே உருவாகத் தொடங்கிவிட்டன. இந்நாட்டில் விந்தையான ஒரு வழக்கம் உண்டு. உதிரி உறுப்புகளை வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு காரைப் பூட்டி முடிப்பார்கள். அதற்குக் கிட் கார் என்று பெயர். கோலின் சாப்மன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகையில் பெயர் பெற்றது. முழுக் காருக்குரிய கொள்முதல் வரி, உதிரிகளாக வாங்கினால் இல்லை என்பதால், நடுத்தர வருவாயினர் அதை விரும்பி வாங்கினர். 1973இல் அவ்வரி போய் வாட் வரி வந்தது; வரிச் சலுகை மறைந்தது. ஆயினும் அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனம் அந்தக் காரின் உரிமையைப் பெற்று, இன்றுவரை செய்து வருகிறது. அதன் சாயலில் பிற நிறுவனங்கள் செய்யும் கிட் கார்களும் பல. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே செய்துகொள்ள வழி சொல்லும் நூலொன்றை எழுதினார். அதைப் படித்துவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

நம் லாத்தாவின் மகனுக்கும் அந்த ஆசை பிடித்தது. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை, உடல் துருப்பிடித்துப்போன நிலையில் மலிவாக வாங்கினார். அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கழற்றி, செவன் சாயலில் அமைந்த ஒரு சட்டத்தில் ஏற்றினார். இரண்டாண்டுச் சேமிப்பு அதில் கரைந்தது. கோடையில் ஊரிலிருந்து வரவிருந்த தாயை அதில் அமர்த்தி ஊர் சுற்றிக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். “முதல் சவாரி உம்மாவுக்குத்தான் மாமா!” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நாம் பொறியியல் கற்றவர் என்பதால், மாலை வேளைகளில் அவருடைய கொட்டகையில் ஒரு முக்காலி நமக்கென்றே போடப்பட்டிருந்தது.

எல்லாம் ஏறக்குறைய முடிந்தபின் எஞ்சியது கூலன்ட் தொட்டி. எம்எக்ஸ்-5 காரில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் குப்பி இருந்தது. அதையே பூட்டிவிடலாமே என்றார் மருமகன். இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருந்தது.

கார்களில் இருவகை ஏற்பாடுகள் உண்டு. முதலாவதில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். சூட்டில் பெருகிய நீர் அம்மூடியைத் தள்ளித் திறந்து, அருகிலுள்ள குப்பிக்குச் செல்லும். எஞ்சின் ஆறும்போது, மூடியிலுள்ள இரண்டாவது வால்வு வழியாக அந்நீர் மீண்டும் உறிஞ்சப்படும். குப்பிக்குள் அழுத்தம் இல்லை. அது வெறும் சேமிப்புக் கலம். எம்எக்ஸ்-5 காரின் ஏற்பாடு இதுவே. இதற்கும் முந்திய காலத்துக் கார்களில் அக்குப்பியும் கிடையாது. மிகுந்த நீர் சாலையில் சிந்தும். மலைப்பாதையில் அம்பாசடர் காரை ஓரங்கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிய ஓட்டுநரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது வகையில் தொட்டியும் சுற்றோட்டத்தின் ஓர் அங்கம். அழுத்த மூடி தொட்டியின்மேலேயே இருக்கும். நீர் பெருகுவதற்கு இடம் தருவதோடு, நீரில் கலந்த காற்றுக் குமிழிகளைப் பிரித்து வெளியேற்றுவதும் இதன் வேலை.

முதல் வகை செம்மையாக வேலை செய்ய, ரேடியேட்டர் மூடியானது நீர் ஓடும் பாதை முழுவதிலும் உயர்ந்த இடத்தில் இருக்கவேண்டும். காற்று எப்போதும் உச்சியைத்தான் நாடும். செவன் போன்ற காருக்கோ மூக்கு தாழ்வானது. ரேடியேட்டர் அம்மூக்கினுள் தாழ்ந்து கிடக்கும்; எஞ்சினின் தலை அதைவிட உயர்ந்து நிற்கும். ஆகவே காற்று மூடியை நாடி வராமல், எஞ்சினின் தலைப்பகுதியிலேயே தங்கிவிடும். மிகுந்த வெப்பம் பிறப்பதும் அங்கேதான்.

அவ்வாறு தங்கினால் நேர்வதென்ன என்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. மருமகனின் நண்பர் ஒருவர், தாமே பூட்டிய காரில் குப்பியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தாழ வைத்திருந்தார். ஒருநாள் நெடுஞ்சாலையில் வெப்பமானியின் முள் விறுவிறுவென ஏறி, பிறகு இறங்கியது. இறங்கியதைக் கண்டு அவர் நிம்மதி அடைந்தார். உண்மையில் நிகழ்ந்தது வேறு. வெப்பத்தை உணரும் சென்சார் நீரில் நனைந்திருக்கும்வரைதான் சரியாகப் பேசும்; நீர் விலகி ஆவியும் காற்றும் அதைச் சூழ்ந்தால், எஞ்சின் கொதிக்கும்போதும் அது குறைவாகவே காட்டும். சில மைல்களில் அலுமினிய ஹெட் வளைந்தது, கேஸ்கெட் கருகியது. பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டபின், அந்தக் காரைத் துணிபோட்டு மூடிவைத்துவிட்டார் அந்த இளைஞர்.

ஆகவே இரண்டாவது வகையே என்று முடிவாயிற்று. அடுத்து, எந்தத் தொட்டி? மருமகன் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். “இதைப் பாருங்க மாமா, அலுமினியம், கண்ணாடியாட்டம் மின்னுது!” மின்னத்தான் செய்தது. ஆனால் உள்ளே நீர் எவ்வளவு இருக்கிறது என்று அதன் வெளியே நின்று சொல்ல முடியாது. அதற்குத் தனியே ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தவேண்டும். பழைய வோக்ஸ்வாகன் கார்களில் வரும் உருண்டைப் பிளாஸ்டிக் தொட்டியோ, பழம்பொருள் கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அதன் சுவரூடே நீர்மட்டம் தெரியும். உருண்டை வடிவம் அழுத்தத்தையும் நன்கு தாங்கும். ஆண்டுகள் பல சூட்டில் கிடந்தால் அதுவும் மஞ்சளாகி வெடிப்பு விடும். எனவே மூடியை மட்டும் புதிதாக வாங்குமாறு சொல்லி, தொட்டியை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு உண்டா என்று பார்த்தோம்.

அளவு அடுத்த கேள்வி. அந்த எஞ்சினின் சுற்றோட்டத்தில் ஏறத்தாழ 6 லிட்டர் நீர்மம் ஓடும். வெறும் தண்ணீராயின் கால் லிட்டர் அளவு பெருகும். குளிரில் உறையாதிருக்க எத்திலின் கிளைக்கால் பாதி கலப்பதால் பெருக்கம் இன்னும் சற்றுக் கூடும். 300 மில்லிலிட்டர் என்று கொள்வோம். தொட்டியில் 600 மில்லிலிட்டர் காற்று இருந்தால், நீர் பெருகியபின் அது 300 ஆகச் சுருங்கும். பாதியாகச் சுருங்கிய காற்றின் அழுத்தம் இருமடங்காகும் என்பது பாயில் கண்ட விதி. காற்று சூடேறுவதால் அழுத்தம் மேலும் கூடும். மூடி திறந்து நீராவியும் சிந்தும். காற்றுக்கு 1 லிட்டர் இடம் விட்டாலோ அழுத்தம் அந்த அளவு ஏறாது. விளிம்புவரை நிரப்பிவைப்பது நிறைவென்று எண்ணுவோர் உண்டு. இங்கே நிறைவு என்பது, வெறுமையாக விட்ட மேற்பாதியும் சேர்ந்ததுதான்.

மூடியைப் பற்றி இல்லத்தரசியருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்ட் என்று அதன்மேல் எழுதியிருக்கும். நம் வீட்டு பிரஷர் குக்கர் வேலை செய்யும் அழுத்தமும் ஏறத்தாழ அதுவே. அவ்வழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரிவரை பொறுக்கும். குக்கரின் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்பவர் எவருமிலர். கார் மூடிக்கும் அதே ஒழுங்குதான். சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். அதுவரை அடங்கியிருந்த நீர் அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். வலுவான மூடியே நல்லது என்று கூடுதல் அழுத்தம் தாங்குவதைப் பூட்டுவதும் தவறு. மூடி தாங்கும், பழைய குழாய்களும் ரேடியேட்டரும் தாங்கவேண்டுமே!

இனி இடம். எஞ்சினுக்குப் பின்னே, பயணியின் கால்களை மறைத்து நிற்கும் தகட்டுச் சுவரின் உச்சியே உயர்ந்த இடமாக வாய்த்தது. புகைக்குழாயின் எதிர்ப்புறமாகத் தேர்ந்து, நீர்மட்டம் எஞ்சினின் தலைக்கும் மேலே நிற்குமாறு தொட்டியைப் பூட்டினோம். பானெட் மூடுகிறதா என்பதைக் களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பார்த்தோம். இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் லாத்தா கால் நீட்டி அமரவேண்டும். ஆகவே தகட்டில் ஓர் ஓட்டைகூடத் திறந்து கிடக்காதபடி அனைத்தையும் அடைத்த பிறகே மேற்கொண்டு கைவைக்கச் சம்மதித்தோம்.

குழாய்கள் மூன்று. தொட்டியின் அடியிலிருந்து 19 மி.மீ. அகலமுள்ள பெரிய குழாய் இறங்கி, வாட்டர் பம்ப் நீரை உறிஞ்சும் பக்கத்தில் சேரவேண்டும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவதால் நீர் அங்கே எளிதில் குமிழியாகிவிடும். தொட்டியின் அழுத்தம் நேரே அங்கு சென்று சேர்ந்தால் அது நேராது. பம்ப் தள்ளும் பக்கத்தில் இணைத்தால் எதிர்வினை விளையும். நீர் தொட்டிக்குள் ஏறி மூடியை முட்டும்.

மற்ற இரண்டும் சிறு குழாய்கள். ஒன்று எஞ்சின் தலையின் உச்சியிலிருந்தும், மற்றொன்று ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் தொட்டியின் மேற்பகுதிக்கு வரும். இவை காற்று ஏறிவரும் பாதைகள். வழியில் எங்கும் மேடுபள்ளமின்றி, தொடர்ந்து ஏறிக்கொண்டே வரவேண்டும். ஒரு வளைவு தொங்கினாலும் காற்று அதைத் தாண்டாது. சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இவ்வழியே குறுக்குவழி பிடிக்கக்கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றின் வாயிலும் 2 மி.மீ. துளையிட்ட பித்தளை அடைப்பு வைத்தோம். காற்றுக்கு அது போதும். உலோகக் குழாய்களின் முனையில் புடைத்த விளிம்பு இருக்கிறதா என்றும் கவனித்தோம். வழவழப்பான முனையில் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் ரப்பர் நழுவிவிடும்.

நீர் ஊற்றுவதிலும் பொறுமை வேண்டும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மெல்ல ஊற்றி, ரப்பர்க் குழாய்களைக் கையால் பிசைந்து விட்டோம். ஒவ்வொரு பிசைவுக்கும் தொட்டியில் குமிழிகள் எழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, ரேடியேட்டர் அடிவரை சூடாகும்வரை காத்திருந்தோம். மறுநாள் காலை நீர்மட்டம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. மருமகன் கலங்கினார். ஒழுக்கு எங்கேயும் இல்லை. ஒளிந்திருந்த காற்று வெளியேறி, அதன் இடத்தை நீர் பிடித்துக்கொண்டது, அவ்வளவே. நான்காம் நாளிலிருந்து மட்டம் அசையவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். எத்திலின் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தரையில் சிந்தினால் பூனையும் நக்கும், தவழும் பிள்ளையும் தொட்டு வாயில் வைக்கும். சிந்தியதை உடனே கழுவித் துடைக்கவேண்டும். மிச்சத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

வீட்டில் பூட்டிய கார் எதுவும் 2009ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைமுறையிலுள்ள தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறிய பின்பே சாலைக்கு வரவியலும். மருமகனின் காரும் தேறியது. லாத்தா அதில் ஏறி அமர்ந்து, கதவில்லாத வண்டியைக் கண்டு முதலில் திகைத்து, பின் முக்காட்டை இறுகக் கட்டிக்கொண்டார். இருபது மைல் சென்று திரும்பியதும், “நல்ல வண்டிதான், காலில் மட்டும் குளிர் அடிக்குது” என்றார். அவர் கால்மாட்டுக்கு அப்புறம், ஒரு தகட்டுக்குப் பின்னால், 90 டிகிரிச் சூட்டில் நீர் விரிந்தும் சுருங்கியும் கொண்டிருந்ததை அவர் அறியார். அறியவேண்டிய தேவை அவருக்கு நேராததே நமக்குப் போதுமானதாக இருந்தது.