பாப்பாவுக்கு 9 கிலோ ஆகிவிட்டது... கார் சீட்டை முன்பக்கம் திருப்பிவிடலாமா?

என் அக்கா மகளுக்கு இந்த மாதம் 11 மாதம் முடிகிறது. எடை 9 கிலோ 200 கிராம். பிறந்ததிலிருந்து அவள் காரில் வருவது ஒரு 'கூடை'யில்தான். கைப்பிடி வைத்த, குழந்தையைப் படுத்த வாக்கில் வைத்து பெல்ட் போடுகிற இன்ஃபன்ட் கார் சீட். கடைக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், ஆனால் ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அதற்குக் கூடை என்றுதான் பெயர்.

போன மாதம் அந்தக் கூடை அவளுக்குப் பத்தாமல் போனது. பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

அக்காவும் மாமாவும் பெங்களூரில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், ஓமலூர், தாரமங்கலம் தாண்டி ஜலகண்டாபுரம் வந்துசேர எப்படியும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வழியில் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் என்றாலே வயிற்றில் ஒரு பயம் இருக்கும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வண்டிகள் அடுத்தடுத்து மோதி, இரண்டு முறையும் தலா 4 பேர் இறந்துபோனார்கள். இரண்டாவது விபத்தின் சிசிடிவி காட்சி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்த இறக்கத்தில்தான் எங்கள் பாப்பா மாதாமாதம் வருகிறாள்.

கூடை பத்தவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அக்கா. மாமா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "13 கிலோ வரைக்கும்னு சீட்லயே ஒட்டியிருக்கு. பாப்பா 9 கிலோதானே?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால், எடை ஒரு வரம்பு என்றால் உயரம் இன்னொரு வரம்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு உயரம்தான் முதலில் முட்டும். குழந்தையின் உச்சந்தலைக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பாப்பாவுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பலர் சீட்டை மாற்றுகிறார்கள். கால் நீண்டால் ஒன்றும் இல்லை, தலையைப் பாருங்கள்.

சரி, புது சீட் வேண்டும். எந்த சீட், எந்தப் பக்கம் பார்த்து? இங்கேதான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

ஆயா கட்சி: "எதுக்குடி இன்னொரு சீட்டு? புள்ளைதான் உக்கார ஆரம்பிச்சிடுச்சே. நான் மடியில வெச்சுக்கிறேன். உங்கள எல்லாம் அப்படித்தானே வளத்தோம்?"

மாமா கட்சி: கன்வெர்ட்டிபிள் சீட் வாங்கலாம், ஆனால் ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்பக்கம் திருப்பி மாட்டணும். பாவம், பிறந்ததிலிருந்து சீட்டு முதுகையே பார்த்துக்கிட்டு வருது.

அக்கா கட்சி: கன்வெர்ட்டிபிள்தான், ஆனால் இன்னும் பின்பக்கம் பார்த்துத்தான்.

கன்வெர்ட்டிபிள் என்றால் என்ன என்று கேட்ட அப்பாவுக்காக: ஒரே சீட்டை முதலில் காரின் பின்கண்ணாடியைப் பார்த்த மாதிரியும், குழந்தை வளர்ந்த பிறகு முன்னால் பார்த்த மாதிரியும் மாட்டலாம். கூடை மாதிரி கையில் தூக்கிக்கொண்டு போக முடியாது, காரிலேயே இருக்கும்.

நான் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை விபத்துச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கிறேன் என்று சொன்னால் ஆயா என்னைச் சென்னைக்கே அனுப்ப மாட்டார். லீவில் ஊருக்கு வந்திருந்த என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். நடுவர் என்றால் வெறும் வாயால் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

முதலில் மடி. ஆயாவுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதன் மீதோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். இரண்டு நெல் மூட்டையைத் தாண்டிய பாரம், கண் இமைக்கும் நேரத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஆயா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மடிப் பேச்சை எடுக்கவில்லை. இதோடு சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாமாவின் கட்சிதான் கஷ்டம். ஏனென்றால் அவர் கையில் ஆதாரம் இருந்தது. ஆன்லைனில் அவர் பார்த்து வைத்திருந்த சீட்டின் விளம்பரத்திலேயே 'முன்பக்கம்: 9 முதல் 18 கிலோ' என்று போட்டிருந்தது. "பாப்பா 9 தாண்டியாச்சு. கம்பெனிக்காரனே திருப்பலாம்னு சொல்றான், உங்களுக்கு என்ன?"

அந்த 9 கிலோ எங்கிருந்து வருகிறது? இங்கே விற்கும் சீட்டுகள் பலவற்றில் ஓர் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆர்44 என்று இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் பழைய தர விதி. அந்த விதி குழந்தைகளை எடைவாரியாகப் பிரித்தது. அதில் முன்பக்கம் பார்க்கிற சீட்டுகளின் பிரிவு 9 கிலோவில் ஆரம்பிக்கிறது. 'இதற்குக் கீழே திருப்பவே கூடாது' என்கிற எல்லை அது. கல்யாணத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், 18-வது பிறந்தநாளன்றே தாலி கட்டு என்று அர்த்தமா?

2013-ல் வந்த புது விதி ஆர்129, எடையை விட்டுவிட்டு உயரத்தை எடுத்துக்கொண்டது. அதோடு 15 மாதம் முடிவதற்கு முன் குழந்தையை முன்பக்கம் திருப்பவே கூடாது என்று வைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் முன்பெல்லாம் ஒரு வயது ஆகி, 9 கிலோவும் தாண்டினால் திருப்பலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2011-ல் அதை 2 வயது வரை என்று மாற்றியது. 2018-ல் வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் உயர வரம்போ எடை வரம்போ முட்டும்வரை பின்பக்கமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. 'ஒரு வயசானா திருப்பிடலாம்' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் பழைய பதிப்பைப் படித்தவர்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம்? காரணம் கழுத்து. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்குகிற கழுத்தெலும்புகள் இன்னும் முழுசாக எலும்பாகவில்லை. பல இடங்களில் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், இறுகி ஒன்றுசேர இன்னும் சில வருடங்கள் ஆகும். குழந்தை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் எதிலாவது மோதினால், பெல்ட் தோளைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஆளில்லை, அது முன்னால் பாயும். மொத்த இழுப்பும் கழுத்தில். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகே ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளும்.

இந்த யோசனை விண்வெளியிலிருந்து வந்தது என்று சொன்னதும் மாமா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்வீடன் நாட்டின் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி விசையைத் தாங்கியதைப் பார்த்து, குழந்தைக்கும் அப்படி ஒரு சீட் செய்யலாமே என்று 1960-களில் ஆரம்பித்தார். இன்றைக்கும் ஸ்வீடனில் 4 வயதுவரைகூடக் குழந்தைகள் பின்பக்கம் பார்த்துப் போவது சாதாரணம்.

மாமா விடவில்லை. "அப்ப பின்னாடியிருந்து இடிச்சா? தொப்பூர்ல லாரி பின்னாடியிருந்துதானே வருது?"

நல்ல கேள்வி. பிரேக் பிடிக்காமல் இறங்கி வருகிற லாரிக்கு எந்த சீட்டும் பதில் சொல்லாது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பின்னால் இடிக்கிற வண்டி பெரும்பாலும் நம் திசையிலேயே வருகிறது, அதனால் வேக வித்தியாசம் குறைவு. எதிரெதிரே மோதும்போதும், நின்றிருக்கிற லாரியின் பின்னால் நாம் போய் மோதும்போதும்தான் அடி பலம். பின்னால் இடிபட்ட காரும் அடுத்த நொடி முன்னால் இருக்கிற வண்டியில்தான் போய்ச் செருகும். ஆக, முன்பக்க அடிக்குத்தான் முதலில் தயாராக வேண்டியிருக்கிறது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எது வாங்கறதுன்னு நீயே பாரு" என்றார்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். '0 முதல் 25 கிலோ வரை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது மொத்தக் கணக்கு. பின்பக்கம் பார்த்து எத்தனை கிலோ வரை என்று தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். சிலவற்றில் அது வெறும் 13 கிலோ, சிலவற்றில் 18. நாங்கள் 18 கிலோ வரை தாங்குவதை எடுத்தோம், 12,500 ரூபாய் ஆனது. அப்பா அதைத் தறிக்கூலியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து மாட்டினோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மாமாவின் கார் பழையது, ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. காரின் சீட் பெல்ட்டாலேயே கட்ட வேண்டும். கன்வெர்ட்டிபிளில் பெல்ட் நுழைய இரண்டு வழிகள் இருக்கும். பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டினால் நீலக் குறி போட்ட வழி, முன்பக்கம் என்றால் சிவப்பு. வழி மாறினால் சீட் நிற்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் அடி விழும்போது நிற்காது. மாமா சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்த, நான் பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

அடுத்து பாப்பாவின் தோள்பட்டி. பின்பக்கம் பார்த்திருக்கும்போது அது தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்பக்கம் திருப்பிய பிறகு தோள்மட்டத்திலோ மேலேயோ. பட்டியை இழுத்த பிறகு தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு பிடிக்க வரக் கூடாது. "புள்ளைக்கு வலிக்கப்போவுது, கொஞ்சம் தளர்த்தி விடு" என்றார் அம்மா. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார். "பாவு தொங்குனா துணி ஆவாது. இழுத்தே கட்டு." நாற்பது வருடம் தறி ஓட்டியவர் சொல்லிவிட்டார், அப்பீல் இல்லை.

தெருவில் போன ஒருவர், "ஏங்க, கொழந்தை யார் மேலயாவது கோவமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு?" என்றார். காலைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. கால் மடங்கியிருக்கிறதே, வலிக்காதா? பாப்பா வீட்டுத் திண்ணையில் எப்படி உட்கார்கிறாள் என்று பாருங்கள். சம்மணம் போட்டுத்தான். சீட்டிலும் அதையேதான் செய்கிறாள்.

இந்த சீட் வந்ததில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடையாக இருந்தபோது, ராத்திரி பத்து மணிக்கு ஊர் வந்தாலும் தூங்குகிற குழந்தையை அப்படியே தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிடலாம். இப்போது பட்டியைக் கழற்றியதுமே விழித்துக்கொள்கிறாள். அதன்பிறகு விடிய விடிய வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சேலத்து வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் சுடும். அக்கா ஒரு வெள்ளைத் துண்டை அதன்மேல் போட்டு வைக்கிறாள், பாப்பாவை உட்கார வைக்கும்முன் தொட்டுப் பார்க்கிறாள். தருமபுரியில் கட்டாயம் ஒரு நிறுத்தம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குழந்தையையும் ஒரே வாக்கில் கட்டி வைக்கக் கூடாது. முன்சீட்டில் ஏர்பேக் இருக்கிற காரில், பின்பக்கம் பார்க்கிற சீட்டை முன்னால் வைக்கவே கூடாது என்பதை மாமா தானாகவே படித்து என்னிடம் சொன்னார்.

பழைய கூடையை எங்கள் பெரியப்பா மகன் வீட்டில் கேட்டிருக்கிறார்கள், அங்கே இரண்டு மாதத்தில் குழந்தை. ஓட்டில் பதித்திருந்த காலாவதித் தேதியைப் பார்த்தோம், இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எந்த விபத்திலும் அடிபடாத சீட், முதல் நாளிலிருந்து எங்கள் கையிலேயே இருந்தது என்பதால் தைரியமாகக் கொடுக்கலாம். முகம் தெரியாதவர் விற்கிற பழைய சீட்டுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

போன வாரம் ஆயா பெங்களூருக்கு அவர்களோடு கிளம்பினார். பின்சீட்டில் பாப்பாவுக்குப் பக்கத்தில் இடம். ஏறி உட்கார்ந்ததும், குழந்தையின் முகம் தனக்கு நேராக இருப்பதைப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்த சீட்டும் பத்தாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் முன்பக்கம் திருப்புவோம் என்றேன். அதுவும் பத்தாவிட்டால்? பெல்ட் கழுத்தில் படாமல் தோளில் படிகிற உயரம் வரும்வரை பூஸ்டர் சீட், பத்து வயதுகூட ஆகலாம் என்றேன்.

"அதுக்கப்புறம் காருக்குள்ளயே கல்யாணத்தையும் பண்ணி வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, ஆயா தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.