வால் நறுக்கும் கருவி

மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் நைலான் பட்டையைக் கேபிள் டை என்கிறோம்; மின்பணியாளர் சிலர் ‘டேக்’ என்பர். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும், பிள்ளையின் சைக்கிள் கூடையிலும், ரமலானில் மினாராவுக்கு ஏற்றும் சரவிளக்கிலும் அது இருக்கிறது. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த மாரஸ் லோகன் என்பார் இதனை ஆக்கினார். விமானக் கம்பிகளைக் கயிற்றால் முடிந்து முடிந்து தொழிலாளரின் விரல்கள் புண்ணாவதைக் கண்டதே அவரைத் தூண்டியது என்பர். விரலைக் காக்க வந்த பொருள் நம்மவர் கையில் விரலை அறுக்கிறது.

மிகையாகச் சொல்லவில்லை. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் மாடிப்படிக் கைப்பிடியில் ஒலிபெருக்கிக் கம்பியை யாரோ இப்பட்டைகளால் கட்டி, மிஞ்சிய வால்களைக் கட்டிங் பிளேயரால் சாய்வாக நறுக்கியிருந்தார்கள். என் மாமனார் எழுபதைக் கடந்தவர், நீரிழிவுக்காரர், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர். இஷாத் தொழுகை முடித்துக் கைப்பிடியைப் பற்றி இறங்கியவரின் உள்ளங்கையை அம்முனை கிழித்துவிட்டது. குருதி நிற்க நெடுநேரமாயிற்று. புண் ஆற ஏழு வாரங்கள். அவர் எவரையும் நோகவில்லை. “பாதையிலே கிடக்கும் முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கம், மாப்பிள்ளை! கைப்பிடியிலா முள் வைப்பது?” என்று மட்டும் கேட்டார்.

வளைகுடாவில் மின்பலகை பூட்டும் பணியில் பல்லாண்டு இருந்தவன் நான். அங்கே இதற்கெனத் துப்பாக்கி வடிவில் ஒரு கருவி தருவார்கள். வாலை அதன் மூக்குத் துளையில் செருகி, மூக்கைப் பட்டையின் தலையோடு நேராக ஒட்ட வைத்து விசையை இழுத்தால், குறித்த இறுக்கம் வந்ததும் கருவி தானே வாலைத் தலையோடு நறுக்கிவிடும். கையைத் திருப்பினால் வெட்டு சாய்ந்துவிடும். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. மெல்லிய கம்பிகளுக்கு அதனைத் தளர்த்தியே வைக்க வேண்டும். கட்டு நழுவாதிருந்தால் போதும், கம்பியின் மேலுறை நசுங்கலாகாது. வாங்கும்போது நம் பட்டையின் அகலத்தை அது ஏற்குமா என்று பாருங்கள். வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் 2.5 முதல் 4.8 மில்லிமீட்டர் அகலமே.

ஆண்டுக்குப் பத்துப் பட்டை கட்டும் இல்லத்துக்கு இக்கருவி வீண்செலவு என்பேன். ஒரு முகம் தட்டையான சிறு நிப்பர் போதும். தட்டை முகம் பட்டையின் தலைப்பக்கம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையா? நகவெட்டி இருக்கிறதே! வியப்பாகத் தோன்றும், ஆனால் ஒட்ட நறுக்குவதில் அது கட்டிங் பிளேயரை வென்றுவிடும். நறுக்கிய பின் விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வெயிலில் கட்டுவதற்குக் கறுப்புப் பட்டையே ஏற்றது. அதில் கலந்துள்ள கரி வெயிலின் கடுமையைத் தாங்கும். சாதாரண வெள்ளைப் பட்டை வெயிலில் நாளடைவில் நொறுங்கி, மினாரா விளக்குச் சரம் கீழே தொங்கும்.

கட்டை அவிழ்க்கக் கத்தியைக் கொண்டு போகாதீர்கள். பட்டையோடு கம்பியும் அறும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தலைக்குள் இருக்கும் சிறு நாக்கை ஊசிமுனையால் நெம்பினால் பட்டை பின்னோக்கி நழுவும். வால் நீளமாக விட்டிருந்தால் அதனையே மறுபடியும் கட்டலாம்.