ஏரியில் ஆவி, புல்லில் பனி!

கொடைக்கானலுக்குக் கோடையில் போகிறவர்கள்தான் அதிகம். ஜனவரி விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றால் வேறொரு ஊர் தெரியும். வெந்நீர் ஊற்றுபோல நீர்ப்பரப்பெங்கும் ஆவி பறக்கும். கையை விட்டுப் பார்த்தால் ஜில்லென்றிருக்கும்! காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்துபோவதால் நடக்கும் வேடிக்கை இது.

மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய ஏரி இது. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் ஏரியைச் சுற்றியும், ஜிம்கானா புல்வெளியிலும், பிரையண்ட் பூங்காவிலும் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிகிறது. மேட்டிலுள்ள லாட்ஜில் இழுத்துப் போர்த்தித் தூங்குபவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. வெயில் ஏறி, சாக்லெட் கடைகளும் சைக்கிள் வாடகைக்காரர்களும் களைகட்டும் நேரத்தில் எல்லாம் வெறும் ஈரமாகிவிடும்.

சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுக்கும் இதே உறைபனி, மலைக்கிராம விவசாயிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிட்டால், பகலில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிவிடும். படம் எடுத்த கையோடு பூம்பாறைப் பக்கம் போய், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை அவர்களிடமே வாங்கலாம்.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். ஸ்வெட்டர் போதாது, குரங்குக் குல்லாவும் காலுறையும் பையில் இருக்கட்டும். அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள்.