கைரோன் வாத்தியாரின் கால்கள்

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது பேரனைக் கூட்டிக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியம் போனேன். உண்மையில் அவன்தான் என்னைக் கூட்டிப் போனான். எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

ஏதென்ஸ் நகரின் பார்த்தனான் கோயில் கி.மு. 447-இல் தொடங்கி 432-க்குள் கட்டப்பட்டது. அதன் தெற்குப் பக்கத்துச் சிற்பப் பலகைகளில் 15 இங்கே இருக்கின்றன. முழுக்கச் சண்டை. ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் சென்டார்கள். சென்டார் என்றால் இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. லாபித் குலத்து அரசன் பிரித்தூஸ் தன் கல்யாணத்துக்கு இவர்களையும் அழைத்திருந்தான். அப்பா வழி உறவு, அழைக்காமல் இருக்க முடியுமா? மது உள்ளே போனதும் மணப்பெண்ணையே தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் அவன் நண்பன் தீசியஸும் எழுந்து அடிக்க, கல்யாண வீடு போர்க்களமாகிவிட்டது. ஒரு பலகையில் ஜெயித்தது சென்டார்தான். கீழே ஒரு இளைஞன் சாய்ந்து கிடக்கிறான். அவன்மேல் இவன் தாவி எழுகிறான்.

"எல்லா சென்டாரும் கெட்டவங்களா தாத்தா?" என்றான் பேரன்.

"ஒருத்தர் வாத்தியார்டா" என்றேன்.

அவரையும் தேடிப் பிடித்தோம். கி.மு. 580 வாக்கில் சோஃபிலோஸ் என்பவர் தன் பெயரையும் எழுதிவைத்துத் தீட்டிய பெரிய மதுக் கலயம் ஒன்று அதே மியூசியத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு கல்யாணம்தான். அக்கிலீஸின் அப்பா அம்மாவான பீலியஸ், தெட்டிஸ் இருவருக்கும். வரிசையாக வரும் விருந்தினர்களில் கைரோனும் ஒருவர். தோளில் ஒரு மரக்கிளை, அதில் வேட்டையாடிய விலங்குகள். சீர் கொண்டுவருகிறார்! பீலியன் மலைக் குகையில் இருந்துகொண்டு ஜேசனையும், மருத்துவத்தின் கடவுளான அஸ்க்ளீபியஸையும், பிறகு அக்கிலீஸையும் வளர்த்துப் படிக்கவைத்தவர்.

"இவருக்கு மட்டும் முன்னாடி மனுஷக் கால் இருக்கே" என்றான் பேரன். நல்ல கண் அவனுக்கு.

ஆரம்ப காலத்தில் பல சென்டார்களை அப்படித்தான் செய்தார்கள். பிறகு மற்றவர்களுக்கு நாலு குளம்பு வந்துவிட்டது. கைரோனுக்கு மட்டும் கலய ஓவியர்கள் மனிதக் கால்களை விட்டுவைத்தார்கள், உடுப்பும் போட்டார்கள். கதை சொன்னவர்களும் சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் இக்சியோனுக்கும் ஒரு மேகத்துக்கும் வந்த வம்சம், கைரோன் குரோனோஸ் என்ற தேவனின் மகன் என்று பிறப்பையே பிரித்துவிட்டார்கள். "இவர் அவங்களை மாதிரி இல்ல" என்று பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதே வாக்கியத்தை ஒருமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஊரின் ஒரு பகுதியிலிருந்து வந்த பையன்களுக்கு ஆசிரியர் அறையில் நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். நானும்தான். அவர்களில் ஒருவன் உலக வரைபடத்தைப் பார்க்காமலே வரைவான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் "நீ அவங்களை மாதிரி இல்லடா" என்றேன். பாராட்டு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் அவன் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். "நானும் அவங்கதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கரும்பலகைப் பக்கமே வரவில்லை. அதை ஆசிரியர் அறையில் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கைரோனின் முடிவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வேறொரு சண்டையில் ஹெர்குலிஸ் விரட்ட, சென்டார்கள் ஓடிப்போய் ஒண்டியது கைரோனிடம்தான். அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஹெர்குலிஸ் எய்த நச்சு அம்பு ஒருவன் கையைத் துளைத்துக்கொண்டு கைரோனின் முழங்காலில் பாய்ந்தது. ஹெர்குலிஸ் பதறி ஓடிவந்து அம்பைப் பிடுங்கினான், மருந்து போட்டான். ஆறவில்லை. சாகா வரம் பெற்றவர் என்பதால் சாகவும் முடியவில்லை. கடைசியில் அந்த வரத்தையே கைவிட்டுத்தான் வலியிலிருந்து விடுபட்டார். ஓவியர்கள் மனிதக் கால் போட்டுக் கொடுத்தது அம்புக்குத் தெரியவில்லை!

இன்னொரு படம் இருக்கிறது. நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தின் சுவரோவியம், இப்போது நேப்பிள்ஸ் மியூசியத்தில். கைரோன் அக்கிலீஸுக்கு யாழ் சொல்லிக்கொடுக்கிறார். குதிரை போலவே பின்னங்கால்களை மடித்து உட்கார்ந்திருக்கிறார். முன்னங்காலும் குதிரைக் கால்தான், குளம்போடு. பையன் அந்தக் காலைப் பார்க்கவில்லை. வாத்தியார் முகத்தைப் பார்க்கிறான்.

அந்தப் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். வரைபடம் வரைந்த பையனின் பெயரை இங்கே எழுதவில்லை. அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும். யாரிடமாவது அவன் எண் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.